கூல் வாட்டரா, அக்வா டி ஜியோவா?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவரிடம் சொல்லியனுப்பும் சாமான்களில் சென்ட்டுக்கு என்றும் இடம் உண்டு. அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போகாத தெரு குறைவு. முன்பெல்லாம் “நல்லதா ஒரு சென்ட் வாங்கிட்டு வாங்க மச்சான்” என்றால் போதும். இப்போது தம்பிகள் பெயரோடு கேட்கிறார்கள். அந்தப் பெயர்களில் அடிக்கடி காதில் விழுபவை இரண்டு: டேவிடாஃப் கூல் வாட்டர், ஜியோர்ஜியோ அர்மானியின் அக்வா டி ஜியோ. இரண்டுமே ஆண்களுக்கானவை, இரண்டுமே தண்ணீர் பெயரைச் சுமப்பவை, இரண்டுமே வெயிலுக்கு ஏற்றவை என்று விற்கப்படுபவை. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? புதுக்கோட்டை மாவட்டத்தில் குடியிருந்து, இங்குள்ள வெயிலில் நடந்து, இங்குள்ள விசேஷங்களுக்குப் போகிறவரை மனதில் வைத்துத்தான் இந்த அத்தியாயம் பதில் சொல்கிறது. பாரிஸில் இருப்பவருக்கு விடை வேறாக இருக்கலாம்.

இரண்டும் எங்கிருந்து வந்தன

கூல் வாட்டர் 1988இல் வெளிவந்தது. ஸீனோ டேவிடாஃப் ஜெனீவாவில் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். அவருடைய பெயரைத் தாங்கிய இந்த வாசனையை உருவாக்கியவர் பியர் பூர்தோன் என்ற பிரெஞ்சு வாசனைக் கலைஞர். இதன் உயிர்நாடி டைஹைட்ரோமிர்சினால் என்ற வேதிப்பொருள். எலுமிச்சையும் லாவெண்டரும் கலந்து, கொஞ்சம் உலோகச் சில்லிப்போடு, அப்போதுதான் துவைத்து உலர்த்திய துணியின் நெடி போல இருக்கும். கூல் வாட்டருக்கு முன்பே 1982இல் வந்த டிரக்கார் நுவார் என்ற வாசனை இந்த வேதிப்பொருளைப் பெருமளவு பயன்படுத்தியிருந்தது. ஆனால் உலகத்துக் குளியலறையெல்லாம் இந்த வாசனையைக் கொண்டு சேர்த்தது கூல் வாட்டர்தான். பிறகு வந்த எத்தனையோ பாடி ஸ்ப்ரேக்களும் ஷவர் ஜெல்களும் அதன் வழியிலேயே போனதால், இன்று முதன்முறையாகக் கூல் வாட்டரை முகர்கிறவருக்கு “இதை எங்கேயோ மோந்திருக்கேனே” என்று தோன்றும். அது கூல் வாட்டரின் குறையல்ல. பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள், அவ்வளவுதான்.

அக்வா டி ஜியோ எட்டு ஆண்டுகள் இளையது. ஆண்களுக்கானது 1996இல் வந்தது. ஆல்பெர்டோ மொரியாஸ் என்பவர் பெயரோடு பேசப்படும் வாசனை இது. சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவே கடலில் கிடக்கும் பான்டெல்லேரியா தீவில் அர்மானிக்கு ஒரு வீடு இருந்தது. அந்தக் கடற்கரைதான் தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. இதில் முக்கியமான பொருள் கலோன். 1966இல் ஃபைசர் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்தது. தர்பூசணித் தோலும் கடல்காற்றும் சேர்ந்தாற்போன்ற மணம். அதற்கு மேல் எலுமிச்சை, ஆரஞ்சு, நெரோலி. நடுவில் மல்லிகையை நினைவுபடுத்தும் மென்மை. அடியில் தேவதாரு, பச்சிலை, வெள்ளை மஸ்க்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் வித்தியாசம் உடனே தெரியும். கூல் வாட்டர் முதலில் புதினாவோடு மூக்கில் அடிக்கும். பிறகு லாவெண்டர், ரோஸ்மேரி, கொஞ்சம் கொத்தமல்லி விதை. ஒரு மணி நேரம் கழித்து சந்தனமும் மஸ்க்கும் இலேசான புகையிலைச் சாயலும் தங்கும். மொத்தத்தில் சலூனில் முடிவெட்டி, முகத்துக்குச் சவரம் முடித்து, பவுடர் போட்டு எழுந்த மாதிரி. அக்வா டி ஜியோ அப்படி மூக்கைக் குத்தாது. புளிப்புப் பழத்தோடு ஆரம்பித்து உப்புக் காற்றுக்கு மாறி, கடைசியில் உடம்போடு ஒட்டிய மெல்லிய மரவாசனையாகிவிடும். வாசனையை மட்டும் கணக்கில் எடுத்தால் அக்வா டி ஜியோதான் ஒரு படி மேல். மடிப்பு அதிகம், முரட்டுத்தனம் குறைவு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

“ரெண்டு மணி நேரத்துல போயிருச்சு”

கடைக்காரர்களிடம் அதிகம் வரும் புகார் இதுதான். இதற்கு முதல் காரணம் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. வாசனை எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். கொலோன் என்றால் பொதுவாக 2 முதல் 5 விழுக்காடு. ஓ டி டாய்லெட் என்றால் 5 முதல் 15. ஓ டி பர்ஃப்யூம் என்றால் 15 முதல் 20. மீதிப் பங்கில் பெரும்பகுதி ஆல்கஹால். நம் பாட்டிமார் காய்ச்சல்காரரின் நெற்றியில் துணியில் நனைத்துப் போட்ட ஓடிகொலான் முதல் வகை. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1709 முதல் ஃபரீனா குடும்பம் விற்ற சரக்கின் வழிவந்தது. நெற்றியை வேகமாகக் குளிர்விப்பதுதான் அதன் வேலை, நாள் முழுக்க மணப்பது அல்ல. இந்த அத்தியாயத்தில் வரும் இரண்டும் இன்று வழக்கில் ‘கொலோன்’ என்றே அழைக்கப்பட்டாலும், கடைகளில் அதிகம் விற்பது ஓ டி டாய்லெட் வகை. நாள் முழுக்க நிற்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது.

இரண்டாவது காரணம் நம் வெயில். சித்திரை, வைகாசியில் புதுக்கோட்டை நகரின் தார்ச்சாலையில் பத்து நிமிஷம் நின்றாலே சட்டை முதுகோடு ஒட்டிவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு, புதினா போன்ற இலேசான மூலக்கூறுகள் சூட்டில் முதலில் ஓடிவிடும். இந்த இரண்டு வாசனைக்கும் அவைதான் முகம் என்பதால், இங்கே மேல்வாசனையின் ஆயுள் அரைமணிக்கும் குறைவு. மீதமிருப்பது அடிவாசனை. ஆகவே கடையில் முதல் முகர்வில் சொக்கிப்போய் வாங்காதீர்கள். நீங்கள் காலையிலிருந்து மதியம்வரை சுமக்கப்போவது அந்த அடிவாசனையைத்தான். உத்தேசமாகச் சொன்னால், நம் கோடையில் கூல் வாட்டர் மூன்று மணி நேரமும், அக்வா டி ஜியோ நாலு மணி நேரமும் உடம்பில் தெரியும். மார்கழியிலும் ஏசி அறையிலும் இன்னும் கொஞ்சம் கூடும். ஆளுக்கு ஆள் தோல் மாறும் என்பதால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது: உங்கள் மூக்கு. தொடர்ந்து ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். உங்களுக்குப் போய்விட்டது, பக்கத்து இருக்கைக்காரருக்குப் போகவில்லை. மறுபடி அடிப்பதற்கு முன் வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். “இன்னும் மணக்குதுங்க, போதும்” என்று பதில் வந்தால் பாட்டிலை மூடி வைத்துவிடுங்கள்.

பழைய பாட்டிலோடு ஒப்பிட்டு “முன்ன மாதிரி இல்லை” என்பவர்களும் உண்டு. அதில் உண்மை இருக்க வாய்ப்பு இருக்கிறது. மரப்பாசி போன்ற சில பொருள்களின் அளவைத் தொழில்துறை விதிகள் குறைத்தன. லிலியால் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் தடை செய்தது. வாசனைக் கம்பெனிகள் தங்கள் சரக்கை அதற்கேற்ப மாற்றிக் கலக்கின்றன. 15 வருஷம் முன்பு சித்தப்பா கொண்டுவந்த பாட்டிலை அளவுகோலாக வைக்காதீர்கள்.

முகர்ந்து பார்க்கும் முறை

திருச்சி, மதுரை, சென்னையில் பெரிய கடைகளில் சோதனைப் பாட்டில் இருக்கும். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தானே இருக்கிறது. அங்கிருந்து வெளிநாடு போகிறவர்கள் போகும் வழியிலும், போன ஊரின் வரியில்லாக் கடையிலும் பார்க்கலாம். நம் புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதிக் கடைகளில் எல்லா இடத்திலும் விலையுயர்ந்த பாட்டிலைத் திறந்து காட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

முதலில் காகிதத் துண்டில் அடித்துப் பாருங்கள்; ஒன்று அறவே பிடிக்கவில்லை என்றால் அதை அங்கேயே தள்ளிவிடுங்கள். இரண்டும் தேறினால் இடது மணிக்கட்டில் கூல் வாட்டர், வலது மணிக்கட்டில் அக்வா டி ஜியோ, ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் அழுத்தம். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் இரண்டும் கலந்து எது எதுவென்று தெரியாமல் போகும். உடனே பில் போடச் சொல்லாமல் வெளியே வாருங்கள். ஒரு டீ குடியுங்கள், பேருந்து நிலையம் வரை வெயிலில் நடங்கள், வியர்க்கட்டும். அரைமணி கழித்து ஒருமுறை, இரண்டு மணி கழித்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். காபிக்கொட்டை வைத்து மூக்கைக் ‘கழுவும்’ சடங்கு சில கடைகளில் உண்டு. சுத்தமான காற்றில் இரண்டு மூச்சு இழுத்தாலே அந்தப் பலன் வரும். கூட வந்தவரிடம் எது எந்தக் கை என்று சொல்லாமல் முகரச் சொல்லுங்கள். பாட்டில் பெயர் தெரிந்தால் விலை கூடியதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம், மனித சுபாவம்.

எங்கே போட்டுக்கொண்டு போகப்போகிறீர்கள்?

வாசனையை அழகைப் பார்த்து மட்டும் வாங்குபவர் பலர். போகும் இடத்தைப் பார்த்து வாங்குவதுதான் சரி.

மொய் விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் பந்தலுக்குப் பந்தல் விருந்து. ஒரே நாளில் இரண்டு மூன்று இடம் எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. பந்தியில் தோளோடு தோள் உட்கார்ந்து, எதிரே இலையில் கறிக்குழம்பு ஆவி பறக்கும்போது, பக்கத்து ஆளின் சட்டையிலிருந்து புதினா-லாவெண்டர் வீசினால் சாப்பிடுகிறவருக்கு எரிச்சல் வரும். கூல் வாட்டரின் முதல் அரைமணி நேரம் அப்படித்தான் வீசும். அக்வா டி ஜியோ இங்கே அடக்கமாக இருக்கும். கூல் வாட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே, சட்டைக்கு உள்ளே நெஞ்சில் ஓர் அழுத்தம் மட்டும்.

கல்யாண மண்டபம் வேறு கணக்கு. கீரமங்கலம் பூச்சந்தையிலிருந்து வந்த மல்லியும் முல்லையும் மேடையை நிறைத்திருக்கும். பெண்கள் தலையிலும் அதுவே. அந்தப் பூமணத்துக்குள் அக்வா டி ஜியோவின் மல்லிகைச் சாயல் கரைந்து காணாமல் போய்விடும். அது குறையா என்பது உங்களைப் பொறுத்தது. மாப்பிள்ளைக்குத் தனியாகத் தெரிய வேண்டும் என்றால் கூல் வாட்டர். மாலையின் மணத்தோடு ஒத்துப்போனால் போதும் என்றால் மற்றது. மாப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பட்டு வேட்டி, பட்டுச் சட்டை மீது நேராக அடிக்க வேண்டாம், கறை விழும். மணமேடையில் ஹோமத்தின் முன் உட்காருவதற்குச் சற்றுமுன் அடிக்கவும் வேண்டாம். பாட்டிலில் பாதிக்கு மேல் ஆல்கஹால் என்பதை மறக்கக் கூடாது; கற்பூரத் தட்டுக்கும் அதே எச்சரிக்கை.

தினசரி வேலைக்கு, அதாவது பைக்கில் பதினைந்து இருபது கிலோமீட்டர் போய் அலுவலகத்திலோ விராலிமலை தொழிற்சாலையிலோ உட்காருகிறவருக்கு, கூல் வாட்டர் கச்சிதம். சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தவர் என்ற எண்ணத்தைத் தரும். அலங்காரம் செய்துகொண்டு வந்தவர் என்ற எண்ணத்தைத் தராது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் கூட. அங்கே அக்வா டி ஜியோவின் உப்புக் காற்று வாசனை வாசலில் இலவசமாகக் கிடைப்பது. காசு கொடுத்து அதையே வாங்குவானேன் என்பது என் கட்சி. அதை ஏற்காத கடலோர நண்பர்களும் எனக்கு உண்டு.

முள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு எந்த மருத்துவமனைக்கோ நோயாளியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இரண்டும் வேண்டாம். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அப்படியே. இழவு வீட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

காசுக் கணக்கு

அக்வா டி ஜியோ, கூல் வாட்டரை விடப் பொதுவாக இரண்டு மூன்று மடங்கு விலை. தள்ளுபடிக் காலத்தில் இந்த இடைவெளி இன்னும் விரியும், ஏனென்றால் கூல் வாட்டரை அடிக்கடி விலை இறக்கி விற்பார்கள். ஓர் அழுத்தத்தில் ஏறத்தாழ 0.1 மி.லி. வெளிவரும். தினம் நாலு அழுத்தம் என்றால் 100 மி.லி. அக்வா டி ஜியோ 250 நாள் வரும், 125 மி.லி. கூல் வாட்டர் 300 நாளைத் தாண்டும். விலையை இந்த நாள்களால் வகுத்துப் பாருங்கள், கடைக்காரர் சொல்லாத உண்மை தெரியும். அக்வா டி ஜியோ ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கூல் வாட்டரை மதியம் இன்னொரு முறை அடித்தாலும் செலவு அதைவிடக் குறைவுதான். இரண்டாவது முறைக்கு முன் கக்கத்தைக் கழுவித் துடைப்பது முக்கியம். வியர்வை நாற்றத்தின் மேல் எந்த வாசனையை ஊற்றினாலும் அது நாற்றத்தை மறைக்காது, அதோடு கூட்டணி சேரும்.

பெட்டியைப் படியுங்கள்

ஊரிலிருந்து சொல்லியனுப்பும்போது பெயரை மட்டும் சொன்னால் தப்பு வரும். அக்வா டி ஜியோ என்ற பெயரில் பெண்களுக்கான வாசனை 1995இலேயே வந்துவிட்டது. ஆண்களுக்கானது அதன் தம்பி. 2010இல் வந்த அக்வா டி ஜோயாவும் பெண்களுக்கானது. ஆண்களுக்கான பெட்டியில் ‘பூர் ஹோம்’ என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூல் வாட்டரிலும் பெண்கள் வகை 1996 முதல் உண்டு, அதுவும் நீலமே. ‘வுமன்’ என்ற சொல் பெட்டியில் சிறிதாகத்தான் இருக்கும். இவை போக அக்வா டி ஜியோவில் ப்ரோஃபோந்தோ, பர்ஃப்யூம் என்றும், கூல் வாட்டரில் இன்டென்ஸ் என்றும் கிளைகள் முளைத்திருக்கின்றன. அவற்றின் வாசனை வேறு, விலை வேறு. இந்த அத்தியாயம் பேசுவது மூல வகையை.

இந்தியாவில் முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், அழகுசாதனப் பதிவு எண்ணும் ஒட்டப்பட்டிருக்கும். பெட்டியின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் பாட்டிலின் அடியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். “அண்ணே, இது துபாய்ல இருந்து நேரா வந்தது, ஸ்டிக்கரெல்லாம் இருக்காது” என்று பாதி விலைக்கு நீட்டினால், பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஃபர்ஸ்ட் காப்பி என்று வெளிப்படையாகவே சொல்லி விற்பவரும் உண்டு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது, உங்கள் தோலுக்குத்தான் தெரியவரும். அதே வாசனையைத் தழுவித் தன் சொந்தப் பெயரில் செய்து விற்கும் இந்தியக் கம்பெனிகளின் சரக்கு அதைவிட எவ்வளவோ மேல். தயாரித்தவர் முகவரியாவது அதில் இருக்கும்.

விமானத்தில் கொண்டுவருகிறவர்களுக்கு: கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டிலை அனுமதிக்க மாட்டார்கள், உள்ளே பாதிதான் இருந்தாலும் சரி. 125 மி.லி. கூல் வாட்டரைப் பெரிய பெட்டிக்குள் துணியால் சுற்றி வைக்க வேண்டும். 100 மி.லி. அக்வா டி ஜியோ கைப்பையில் வரும். வரியில்லாக் கடையில் வாங்கி முத்திரை வைத்த பையைப் பிரிக்காமல் கொண்டுவரலாம். நடுவில் வேறு விமானம் மாறினால் மட்டும் அந்த ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு பைக் டேங்க் கவரிலோ, கார் முகப்பிலோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையின் ஜன்னல் ஓரத்திலோ வைத்தால் ஒரு கோடையிலேயே கெட்டுவிடும். பீரோவுக்குள், அட்டைப் பெட்டியோடு வையுங்கள். சவரம் செய்த கன்னத்தில் அடிக்காதீர்கள், எரியும். அரிப்பு வருகிறவர்கள் தோலை விட்டுவிட்டுப் பருத்திச் சட்டையின் உட்புறம் அடிக்கலாம்.

முடிவு

முதன்முதலாக ஒரு நல்ல சென்ட் வாங்குகிறவர், தினம் வேலைக்குப் போகிறவர், வெயிலில் அலைகிறவர்: கூல் வாட்டர், 75 அல்லது 125 மி.லி. ஏசி அறையில் வேலை, மாலை நேர வரவேற்புகள், கையில் காசும் இருக்கிறது என்பவர்: அக்வா டி ஜியோ, முதலில் 50 மி.லி. மட்டும். யாருக்காவது பரிசளிக்கவேண்டி எது பிடிக்கும் என்று தெரியாமல் நிற்பவரும் அக்வா டி ஜியோவையே எடுக்கலாம். அதைப் பிடிக்காது என்பவர்கள் குறைவு. இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர் கூல் வாட்டரை முடித்துவிட்டு அடுத்ததை வாங்கட்டும்.

வாசனையில் அக்வா டி ஜியோ உயர்ந்தது. ஆனால் மூன்று மடங்கு உயர்ந்தது அல்ல. புதுக்கோட்டை வெயிலுக்கு என் ஓட்டு கூல் வாட்டருக்கு.